லென்ஸும் இடது புருவமும்

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லை, மணப்பெண் இல்லை. பார்லர் அப்பாயின்ட்மென்ட் டைரியில் இந்த மாதப் பக்கமெல்லாம் வெறுமனே கிடக்கிறது. நல்ல பேப்பர் வீணாகப் போகிறதே என்று எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற அளவுக்கு மூளை உள்ளவர் யாருமில்லை.

என் மகள் மிருதுளாவுக்கு ஆவணியில் கல்யாணம், செப்டம்பர் ஐந்து. இன்று காலை தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்: “எம்மா, கல்யாணத்தன்னைக்கு எனக்கு அத்தை மேக்கப் போடட்டும்.”

அத்தை என்றால் ஆவுடை. என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் புருஷன் துபாய்க்குப் போனவன் போனவனே என்று ஆனபிறகு, போனால் போகிறது என்று நான் பார்லரில் சேர்த்துக்கொண்டவள். ஐப்ரோ நூலை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் வந்தாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. கல்யாண ஆர்டர் என்றால் முகம் என்னுடையது. நான் முடித்து அனுப்பியதும் அவள் உள் அறையில் சேலை கட்டி, பூ வைத்து அனுப்புவாள். அந்தச் சேலைக்கே அவளுக்கு ஒரு யுகம் வேண்டும். கதவை வேறு உள்ளே தாழ்போட்டுக்கொள்வாள். கொசுவம் வைப்பதில் என்ன ராஜ ரகசியமோ!

“ஏன், என் கைக்கு என்ன கேடு?” என்றேன்.

“நீ பொண்ணுக்கு அம்மால்லா. உனக்கு ஆயிரம் சோலி கெடக்கும். அதான் சொன்னேன்.” என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

திருநெல்வேலி டவுனில் பாதிப் பேருக்குக் கல்யாண முகம் போட்டவள் நான். என் பிள்ளை முகத்துக்கு மட்டும் நான் ஆகாதாம். இது மிருதுளாவின் மூளையில் முளைத்தது இல்லை. ஆவுடை ஓதியிருக்கிறாள். பார்த்துவிடுவோம். என் மகள் முகத்தில் என் கைதான் படும்.

சாயங்காலம் பார்லரில் ட்யூப்லைட்டை மறுபடி மாற்றினேன். புதிதும் மங்கல்தான். இப்போது வருகிற சரக்கு எல்லாமே போலி.

ஜூலை 24

நூல் கம்பெனிக்காரன் நூலை மெல்லிசாக்கிவிட்டான். புருவம் எடுக்கும்போது நூல் எங்கே, முடி எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் இன்று எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “பரவால்ல அக்கா, வளந்துரும்” என்றாள். என்ன திமிர்!

குற்றம் லைட்டில்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கண் சோதிக்கிற பெண்ணுக்கு மிருதுளா வயதுதான் இருக்கும். பெயர் ஜெபமலர்.

“ஆன்ட்டி, நாப்பது தாண்டினா எல்லாருக்கும் கிட்டத்துல பாக்குறது குறையத்தான் செய்யும். வேலை செய்யும்போது கண்ணாடி போட்டாப் போதும்.”

நாற்பது தாண்டியதை இவளிடம் யார் கேட்டார்கள்? சீட்டில் நானேதான் எழுதியிருந்தேன், அது வேறு விஷயம்.

கண்ணாடி! மூக்கு நுனியில் கண்ணாடி சரிய, அதற்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு ஒருத்தி பிரஷோடு வந்தால் எந்த மணப்பெண் முகத்தைக் காட்டுவாள்? தவிர, என் தொழிலில் குனிந்து இமையையும் பார்க்கவேண்டும், தள்ளி நின்று முழு முகத்தையும் பார்க்கவேண்டும். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். அதைச் சொன்னேன்.

“அப்ப மல்டிஃபோக்கல் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பாக்கலாம். ஒரே லென்ஸ்ல கிட்டமும் தூரமும் ரெண்டும் இருக்கும். ஆனா பழகணும் ஆன்ட்டி. முதல்ல கொஞ்ச நாளு கஷ்டமாத்தான் இருக்கும்.”

பழகுவதைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். ஊதா, பச்சை, சாம்பல் என்று எத்தனை மணப்பெண்களுக்குக் கலர் லென்ஸ் வைத்துவிட்டவள் நான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. லென்ஸ் வரட்டும்.

ஜூலை 28

லென்ஸ் வந்தது. வைக்கச் சொல்லிக் கொடுக்கிறாளாம், அந்தப் பொடிசு.

“முதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க. பஞ்சு ஒட்டாத துணில துடைங்க. எப்பவும் வலது கண்ணுல ஆரம்பிங்க, அப்பதான் ரெண்டும் மாறிப் போகாது. விரல் நுனில வச்சு பக்கவாட்டுல பாருங்க. கிண்ணம் மாதிரி நின்னா சரி. ஓரம் வெளிய விரிஞ்சா உள்பக்கம் வெளிய இருக்குன்னு அர்த்தம்.”

“இதெல்லாம் நான் தினம் பாக்குறதும்மா” என்றேன்.

தன் கண்ணில் வைப்பது வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இமை என் பேச்சைக் கேட்கவில்லை. விரல் வந்ததுமே மூடிக்கொள்கிறது. எனக்குப் பின்னால் வந்த காலேஜ் பெண் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள். காலேஜில் இதைத் தவிர வேறு என்ன படிக்கிறார்களோ.

போகும்போதும் ஒரு பிரசங்கம். லென்ஸ் வைத்தபிறகுதான் மை தீட்டவேண்டும். கழற்றியபிறகுதான் மையைத் துடைக்கவேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது. டப்பாவில் தினமும் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றவேண்டும். தண்ணீர் படவே கூடாது. தலையாட்டிவிட்டு வந்தேன். பாட்டில் பாட்டிலாக சொல்யூஷன் விற்பதற்குத்தான் இத்தனை பயமுறுத்தல், எனக்குத் தெரியாதா?

ஜூலை 29

லென்ஸைக் கழற்ற ராத்திரி பாத்ரூமில் வலது கண்ணைக் கிள்ளு கிள்ளென்று கிள்ளினேன். அது ஏற்கெனவே வாஷ்பேசினில் கிடந்தது.

ஆகஸ்ட் 2

ஏமாற்று வேலை. எல்லா எழுத்துக்கும் பின்னால் ஒரு நிழல் எழுத்து. சாயங்காலம் ரதவீதியில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம். எதிரே வந்த ஆட்டோவுக்குச் சாமிக்கு இருப்பதுபோல ஒளிவட்டம். ஜெபமலருக்கு போன் போட்டுக் கிழித்துவிட்டேன்.

“அப்படித்தான் இருக்கும் ஆன்ட்டி. கிட்டத்துக்கு ஒரு உருவம், தூரத்துக்கு ஒரு உருவம், ரெண்டும் ஒண்ணா கண்ணுக்குள்ள போகுது. எது வேணும், எத விடணும்னு மூளைதான் படிக்கணும். ஒரு கண்ண மூடி மூடிச் சோதிக்காதீங்க. தினமும் கொஞ்ச நேரம் கூட்டிக்கிட்டே போங்க. நல்ல வெளிச்சத்துல இருங்க.”

என் மூளைக்குப் படிப்பு போதாதாம். ஒரு கண்ணை மூடிச் சோதித்தேன் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 6

சம்பந்தியம்மா வந்திருந்தாள். மோவாய்க்குக் கீழே இரண்டு மோவாய் தெரிந்தது. ஒன்று லென்ஸ் கோளாறு என்று நினைத்துக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தேன். இரண்டும் அசல்தான்.

“கண்ணுல என்ன, தூசியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

பிறகு ஆவுடையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “மிருதுளாவுக்கு நீங்கதான் பண்ணுதீயன்னு கேள்விப்பட்டேன், சந்தோசம்” என்றாள். ஊர் முழுக்கப் பரப்பியாயிற்று! ஆவுடை எழுந்து காபி போடப் போய்விட்டாள். நடிப்பு.

ஆகஸ்ட் 12

காலையில் மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, நிமிர்ந்து ஜன்னல் வழியே எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்கிற வடகத்தைப் பார்த்தேன். இரண்டும் தெரிந்தது. நிழல் இல்லை. மூளை படித்துவிட்டது. என் மூளை, பின்னே என்ன!

பார்லரில் நூலைப் பிரித்துப் பார்த்தேன். கம்பெனிக்காரன் மறுபடி நல்ல நூல் போட ஆரம்பித்திருக்கிறான். ட்யூப்லைட்டும் பரவாயில்லை.

சந்தோஷத்தில் பெரிய கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டேன். அந்தக் கழுத்து எனக்கு எப்போது வந்தது?

ஆகஸ்ட் 21

ஆவணியின் முதல் கல்யாண ஆர்டர். பெண் மேலப்பாளையத்துப் பக்கம், பெயர் சுடர்விழி. போன வைகாசியில் அவள் அக்காவுக்கும் நான்தான் முகம் போட்டேன். விடியற்காலையில் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை காலம் ஆயிற்று இப்படி வேலை செய்து! ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. இமைக்கோடு ஒரே இழுப்பில் வந்தது. தள்ளி நின்று பார்த்தேன். மகாலட்சுமி.

அனுப்பிவிட்டு, ஊக்கு டப்பா என் மேஜையிலேயே இருப்பதைப் பார்த்து உள் அறைக் கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள். திரும்பவும் தட்டியபிறகு திறந்தாள் ஆவுடை. அவள் கையில் சேலை இல்லை. புருவ பென்சில், பஞ்சு, மேக்கப் துடைக்கிற பாட்டில்.

“என்னட்டி இது?”

ஆவுடை பென்சிலை முந்தானைக்குள் மறைத்தாள். அந்தச் சுடர்விழிதான், பாவம், விவரம் இல்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க அக்கா சொன்னா. வெளிய வடிவக்கா என்ன போட்டாலும் பயப்படாத, உள்ள போனா ஆவுடையக்கா சரி பண்ணி விட்டுருவாவன்னு. ஆனா இன்னைக்கு ஒண்ணும் சரி பண்ண வேண்டாம்னு இப்பதான் இவிய சொன்னாவ.”

ஊக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பெண் கிளம்பிப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். எத்தனை நாளாக?

“ரெண்டு வருசமாவே மைனி. மொதல்ல எப்பவாச்சும். பெறகு எல்லாருக்கும்.”

“என் முதுகுக்குப் பின்னால!”

“முன்னால சொன்னா கேப்பீயளா? லைட்டு சரியில்லன்னு சொல்லுவீய. நூலு சரியில்லன்னு சொல்லுவீய. எடது புருவம் எப்பவும் எறங்கிப் போவும் மைனி, நீங்க போட்டா. ஒருத்தி அழுதே போட்டா. பேரு கெட்டுப் போச்சுன்னா கடையச் சாத்த வேண்டியதுதான். அதான் தாழ்ப்பாளப் போட்டேன்.”

“மிருதுளாவுக்குத் தெரியுமா?”

தலையைக் குனிந்துகொண்டாள்.

தின்ற சோற்றுக்கு இதுதான் நன்றி. திருடி. என் வாடிக்கையாளர்களிடம் நல்ல பெயர் வாங்க எத்தனை தந்திரம்! இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பெண் அவிழ்த்துப் போட்ட துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஆகஸ்ட் 22

வைகாசிக் கல்யாண போட்டோக்களை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் முடிந்ததும் வெளியே நான் எடுத்தவை, மண்டபத்தில் மற்றவர்கள் எடுத்தவை. இரண்டிலும் புருவம் வேறு வேறு.

போன் கேமராவை நம்பக்கூடாது.

ஆகஸ்ட் 23

அதற்கு முந்தைய வருஷத்துப் போட்டோக்களையும் பார்த்தேன். இரவு சாப்பிடவில்லை. “வயிறு சரியில்லையா?” என்றார் வீட்டுக்காரர். தங்கையும் மனைவியும் பேசிக்கொள்ளாததுகூட இன்னும் அவர் கண்ணில் படவில்லை. இவருக்கு எந்த லென்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை.

ஆகஸ்ட் 27

மிருதுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லென்ஸையும் சேர்த்து. டப்பாவைத் திறந்து காட்டியதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எதற்கு அழுகிறாள் என்று புரியவில்லை, எரிச்சலாக வந்தது.

“நீ கண்ணாடி போடமாட்டேன்னு அடம் பிடிப்பன்னுதாம்மா நாங்க யாருமே சொல்லல.”

“இப்பத் தெரியுதுல்லா. உன் முகத்த என்கிட்ட குடு.”

“சரி, ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம்.”

பெற்ற தாய்க்குப் பரீட்சை! வை, எழுதிவிட்டுப் போகிறேன்.

ஆகஸ்ட் 30

பரீட்சை எழுதினேன். மிருதுளா கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். இடது புருவத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள், அதையும் நான் பார்த்தேன். பிறகு திரும்பி, “எம்மா, நீயே போடு” என்றாள்.

என் பிள்ளை எவ்வளவு அழகு! இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு தெளிவாக அவளைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கிறது. மூக்கோரம் ஒரு மச்சம். அது எப்போது வந்தது என்று கேட்டேன். “ப்ளஸ் டூ படிக்கும்போதே இருக்கும்மா” என்றாள்.

ஆவுடைக்கு ஆள் விட்டேன். அன்றைக்குச் சேலை மட்டும் கட்டினால் போதும், வேறு எதிலும் கை வைக்கவேண்டாம் என்று. சரி என்று சொல்லியனுப்பினாளாம். கொஞ்சமும் ரோஷம் கிடையாது.

செப்டம்பர் 2

வீடு முழுக்க விருந்தாளிகள். தூத்துக்குடியிலிருந்து ஒரு கூட்டம், வந்ததிலிருந்து காபியில் சர்க்கரை போதாது என்கிற ஒரே பாட்டு. வேலை முடிந்து லென்ஸைக் கழற்றப் போனால் சொல்யூஷன் பாட்டில் காலி. வாங்க மறந்துவிட்டேன். இவர்களில் ஒருத்தரைக் கடைக்கு அனுப்பினால் எதற்கு, ஏன் என்று ஊருக்கே தெரிந்துபோகும்.

டப்பாவில் பன்னீரை ஊற்றிப் போட்டுவைத்திருக்கிறேன். பார்லரில் வைத்திருக்கிற நல்ல பன்னீர். எத்தனை பெண்களின் கண்ணில் இதைப் பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறேன், குளிர்ச்சியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் படக்கூடாது என்றாள் ஜெபமலர். பன்னீர் தண்ணீரா என்ன? முகத்தைப் பற்றி அவளைவிட எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 3

காலையில் வைத்ததும் எரிந்தது. விருந்தாளிகளின் கால்தூசி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். பந்தல்கால் நட்டார்கள், எதிரில் இருக்கவேண்டும், எப்படிக் கழற்றுவது? மத்தியானத்துக்குள் இரண்டு கண்ணும் குங்குமம். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. பெண்ணைப் பிரியப்போகிற துக்கம் என்று தூத்துக்குடிக் கூட்டம் எனக்கு ஆறுதல் சொன்னது.

பாளையங்கோட்டைக்கு ஓடினேன். ஜெபமலர் டப்பாவை முகர்ந்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, ரோஸ் வாட்டரா?”

டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

“பார்லர் வச்சிருக்கீங்க, ஒரே பிரஷ்ஷ ரெண்டு பேருக்குப் போடுவீங்களா? மாட்டீங்கல்ல? இது அதவிட மோசம். வாசனைச் சாமான், கிருமி, எல்லாத்தையும் லென்ஸ் குடிச்சிக்கிட்டு நாள் முழுக்கக் கண்ணுலயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. இன்னைக்கே வந்தீங்க, தப்பிச்சீங்க.”

டாக்டர் பார்த்தார். கருவிழியில் சிராய்ப்பு. மருந்து ஊற்றவேண்டும், முழுக்க ஆறி அவர் சொல்கிறவரை லென்ஸ் பக்கமே போகக்கூடாது. நாளை மறுநாள் என் மகள் கல்யாணம் என்றேன். “கல்யாணத்துக்குப் போங்க, லென்ஸ் போடாதீங்க” என்றார். என்ன ஒரு நகைச்சுவை!

வரும்போது ஜெபமலர் ஒரு படிக்கிற கண்ணாடியை என் கையில் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 4

அறையைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, என் புறங்கையில் புருவம் வரைந்து பார்த்தேன். கிட்டத்தில் கோடு தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் கண் கலங்கி எல்லாம் கரைந்துவிடுகிறது. துடைத்தேன், வரைந்தேன். துடைத்தேன், வரைந்தேன்.

மிருதுளா கதவைத் தட்டி, “எம்மா, முடியுமா?” என்றாள்.

“முடியாம?” என்றேன்.

செப்டம்பர் 6

கல்யாணம் முடிந்தது. நேற்று எழுத நேரமில்லை.

மண்டபத்தில் மணப்பெண் அறை. விளக்கெல்லாம் போட்டாயிற்று. சம்பந்தியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள், அவளோடு நாத்தனார் கூட்டம். நான் பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். யாரோ “வடிவு, உனக்குக் கண்ணாடியா!” என்றார்கள். யாரென்று பார்க்கவில்லை.

ஃபவுண்டேஷன் பூசுகிற வரைக்கும் சரியாக வந்தது. அது கை பழகிய வேலை, கண்ணே வேண்டாம். வலது புருவம் வந்தது. இடது புருவத்துக்குப் போனதும் கண்ணாடிக்குள்ளே தண்ணீர் ததும்பிவிட்டது. வரைந்தேன். மிருதுளா கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். நிலைக்கண்ணாடியில் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது என்று தானாகவே மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஆவுடை கதவோரம் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எனக்கு இப்போது தெரியும். நான் முடித்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் சரி செய்வாள். மிருதுளா நன்றாக இருக்கிறது என்று சொல்வாள். சம்பந்தியம்மாகூட ஏதோ சொல்வாள். நானும் என் கைதான் பட்டது என்று சாகிறவரை சொல்லிக்கொள்ளலாம்.

“ஆவுடை, இங்க வா” என்றேன். “இந்தப் புருவம் எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு மைனி.”

“பொய் சொல்லாதட்டி. எல்லாரும் கேக்கட்டும். எப்பிடி இருக்கு?”

அவள் சம்பந்தியம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எறங்கியிருக்கு மைனி.”

துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். “இப்ப?”

“இப்பவும் எறங்கித்தான் இருக்கு.”

பஞ்சை எடுத்தேன், கீழே வைத்தேன், அதையும் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“எனக்குத் தெரியல ஆவுடை” என்றேன். “கண்ணு தெரியல. நீ போடு.”

பென்சிலை வாங்கிக்கொண்டாள். மிருதுளா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆவுடை முடிக்கிறவரை விடவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மிகவும் கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். குறை தேடித்தான் பார்த்தேன். பொய் சொல்வானேன்!

“நல்லா போட்டிருக்கட்டி” என்றேன், கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி. இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை நான் சொன்னதே இல்லை. ஆவுடை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சேலையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.